உட்கார்ந்த மேகம்

நான் முதல் தடவை அவளைப் பார்த்தபோது, அவள் ஒரு வக்கீலின் குடுமியைப் பிடித்து அருவிப் பாறையில் தரதரவென்று இழுத்துக்கொண்டிருந்தாள். அவர் தென்காசி வக்கீல் என்பது பிறகுதான் தெரிந்தது. அப்போதைக்கு இடுப்பில் ஈரத்துண்டும் உடம்பெல்லாம் நல்லெண்ணெயுமாக, "கொலகாரி! கொலகாரி!" என்று அலறும் ஒரு பருத்த மனிதர், அவ்வளவுதான். அவளுடைய இன்னொரு கையில் கருக்குமட்டை இருந்தது. பனையோலையின் காம்பு; இரண்டு ஓரத்திலும் ரம்பம்போல் பல் இருக்கும். அதைச் சுழற்றிக்கொண்டே போனாள். பட்ட இடத்தில் தோல் கிழிந்தது.

சீசன் காவலுக்கு என்னைக் குற்றாலத்துக்கு அனுப்பிய முதல் நாள் அது. எனக்கு இருபத்தாறு வயது. வெள்ளைக்காரன் காலத்துப் போலீஸ்காரன். சிவப்புத் தலைப்பாகையும் லத்தியுமாக ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்தேன்.

"ஏட்டி, விடுட்டி அவர!"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மட்டையின் அடிப்பக்கத்தால் என் விலாவில் ஒரு குத்து விழுந்தது. மூச்சடைத்து உட்கார்ந்துவிட்டேன். ஆண்கள் பக்கம் குளித்துக்கொண்டிருந்த நாற்பது பேரும் அவளை அடிப்பதற்காகத் தண்ணீரை விட்டு வெளியே ஓடி வந்தார்கள். அவளுக்கு வேண்டியிருந்ததே அதுதான் என்று எனக்குப் புரிவதற்குள் பின்னால் அருவியின் சத்தம் மாறியது. அதுவரை 'சோ'வென்று இருந்தது, பாறைகளை யாரோ உருட்டுவதுபோல அடித்தொண்டைச் சத்தமாகிவிட்டது. வெள்ளையாக விழுந்த தண்ணீர் ஒரு மூச்சில் செம்மண் நிறமானது. பெரிய அருவி பாதி உயரத்தில் பொங்குமாங்கடல் என்கிற பள்ளத்தில் விழுந்து, வேகம் அடங்கித்தான் கீழே வழியும். அன்றைக்குப் பள்ளத்தைத் தாண்டிக் குதித்தது. வேரோடு வந்த ஒரு மரம், வக்கீல் உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த கல்லின்மேல் செங்குத்தாக இறங்கி இரண்டாக முறிந்தது.

வக்கீல் அந்தக் கல்லைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்துக் கை கூப்பினார்.

"கும்பிட்டது போதும்லே. துணிய மாத்திட்டுப் போயி இட்லியத் தின்னு" என்றாள்.

அவளுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். இலஞ்சிக்காரி. அருவிக்கரையில் எண்ணெயும் சீயக்காய்ப்பொடியும் விற்பாள். ஒடிசலான, உயரமான உடம்பு. வெற்றிலை போடமாட்டாள், வம்பு பேசமாட்டாள். பெயரை நான் எழுதப்போவதில்லை. அந்தப் பெயர் போலீஸ் காகிதத்தில் ஒரே ஒரு இடத்தில் இருக்கிறது, குற்றவாளி என்ற கட்டத்தில். அங்கே அதை எழுதியவன் நான். அதே கையால் இங்கேயும் எழுத மனம் வரவில்லை.

எண்ணெய் ஊற்றும்போதும் அவள் கண் மேற்கேதான் இருக்கும். ஆனால் ஒரு சொட்டுச் சிந்தாது. அருவிக்கரையில் வானத்தை அண்ணாந்து பார்க்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. மலையும் மேகமும் ஒட்டுகிற ஓரத்தை மட்டும் பார்ப்பாள். வலது கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, கட்டைவிரல் நுனியை மலையுச்சியோடு பொருத்திக்கொண்டு மூன்று மூச்சு விடுவாள். அதற்குள் மேகம் விரலைத் தாண்டிவிட்டால் வியாபாரம் தொடரும். தாண்டாமல் அங்கேயே கிடந்தால் கை மட்டையைத் தேடும்.

"நடக்குத மேகம் நனைக்கும். உக்காந்த மேகம் கொல்லும்" என்பாள். அவள் சொல்லி நான் கேட்ட ஒரே பாடம் அதுதான். அதையும் எனக்காகச் சொல்லவில்லை, தனக்குத்தானே முனகிக்கொண்டாள்.

சாரல் பெய்துகொண்டே இருந்தால் அவளுக்குக் கவலையில்லை. சாரல் சட்டென்று நின்று, காற்று அடங்கி, கீழே பளிச்சென்று வெயில் அடித்தால்தான் அவள் முகம் இறுகும். காலை வெயிலில் அருவித் தூவானத்தில் வானவில் விழும். வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். அவளுக்கு அதைக் கண்டாலே ஆகாது.

"கீழ வெயிலு, மேல இருட்டு. நடுவுல இந்த மூதி வேற பல்லக் காட்டிக்கிட்டு நிக்கி. இதப் பாக்குதவன் மலையப் பாப்பானா?" என்று சொல்லிக்கொண்டே ஒரு கல்லை எடுத்து வானவில்லை நோக்கி எறிவாள். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அடித்துவிட்டுத்தான் பேசுவாள். பல சமயம் பேசவே மாட்டாள். எண்ணெய் தேய்த்த உடம்பு கைக்கு நிற்காது, குடுமிதான் நிற்கும் என்பது அவள் கண்டுபிடித்த உண்மை. பெரிய மனிதன், சின்ன மனிதன் என்ற பேதமும் கிடையாது. எல்லோரும் அவளுக்கு 'லே'தான், நானும்தான். அவள் அடிப்பதில் ஒரு ருசியும் இருந்ததோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. கோபமெல்லாம் மேகத்தின்மேல். ஆனால் மேகத்தின் குடுமி கைக்கு எட்டாதே.

அவள் சொன்னது எப்போதும் பலித்துவிடவில்லை. இதை நான் மறைக்கக்கூடாது. ஒரு மாசி மாதம் இலஞ்சியில் மத்தியான வேளை. சூரியனைச் சுற்றிக் கோட்டை கட்டியதுபோலப் பெரிய வட்டம் விழுந்திருந்தது. வட்டத்தைக் கண்டால் மழை வரும் என்பது ஊர்ப்பேச்சு. யாரோ ஒரு விவசாயி களத்தில் காயப்போட்டிருந்த நெல்லை இவள் பாட்டுக்குப் போய்க் காலால் ஒதுக்கிக் குவிக்க ஆரம்பித்துவிட்டாள். அவர் வந்து தடுத்தார். இவள் அவர் கையைக் கடித்தாள். அவர் கையில் அரிவாள் இருந்தது. இவளுடைய இடது தோளில் ஒரு சாண் நீளத்துக்கு வெட்டு விழுந்தது. அன்றைக்கு மழை பெய்யவில்லை. அடுத்த நாளும் இல்லை.

கட்டுப்போட்ட தோளோடு தென்காசிச் சந்தையில் எதிரே வந்தவளிடம், "ஒனக்கு வெக்கமா இல்லையா?" என்று கேட்டேன்.

"பெய்யலன்னா நெல்லு காஞ்சிரும். நல்லதுதான? அதுக்கு எதுக்கு வெக்கப்படணும்?"

"அப்போ ஒனக்குத் தெரியாமத்தான் இந்த ஆட்டமெல்லாம் ஆடுத."

"நான் என்ன வானத்துக்குப் பொண்டாட்டியா, எல்லாத்தையும் எங்கிட்ட சொல்லிட்டுச் செய்ய?" என்றாள்.

ஒரே ஒரு முறை அவளோடு மலை ஏறியிருக்கிறேன். வெள்ளம் வடிந்த மறுநாள் காலை. விறகு வெட்டப் போன இரண்டு பேர் திரும்பவில்லை. செண்பகாதேவி அருவி வரை போய்ப் பார்த்துவர என்னை அனுப்பினார்கள். பாதை தெரிந்த ஆள் வேண்டுமென்று கேட்டபோது அவள்தான் முன்வந்தாள். ஒருவனை இரண்டு பாறைகளுக்கு நடுவில் கண்டோம். முகம் இல்லை. அவளே இறங்கி, தலைமாட்டில் பிடித்துத் தூக்கினாள். நான் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தேன்.

மற்றவன் அகப்படவில்லை; பிணத்தைப் பாறைமேல் கிடத்திவிட்டு, தூக்க ஆள் கூட்டிவர இறங்கும் வழியில் ஒரு திருப்பத்தில் நின்றோம். முதுகுக்குப் பின்னால், கிழக்கே, தென்காசி மொட்டைக் கோபுரத்துக்கு மேலே சூரியன் ஏறியிருந்தது. எங்களுக்கு முன்னால் பள்ளத்தாக்கு முழுக்கப் பஞ்சுப்பொதியாக மூடுபனி. அதன்மேல் எங்கள் இரண்டு பேருடைய நிழலும் நீண்டு விழுந்தது. என் நிழலின் தலையைச் சுற்றி, சாமி படத்தில் வரைவதுபோல, சிவப்பும் பச்சையுமாக ஒரு வளையம் தெரிந்தது. பக்கத்தில் இருந்த அவள் நிழலுக்கு ஒன்றுமில்லை. நான் துள்ளிக் குதித்தேன்.

"ஏட்டி, பாத்தியா? எந்தலையச் சுத்தி..."

"ஒந்தலையச் சுத்தி ஒண்ணும் இல்ல. எந்தலையச் சுத்தித்தான் இருக்கு" என்றாள்.

நான் இடம் மாறி நின்று பார்த்தேன். வளையம் என்னோடுதான் வந்தது. அவள் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"ஒவ்வொருத்தனுக்கும் அவன் தலையச் சுத்தித்தாம்லே தெரியும். எம்புருசனுக்கு நான்தான் இதக் காட்டுனேன். அவனும் ஒன்ன மாதிரித்தான் துள்ளுனான். அன்னைக்கே பதினோரு மணிக்கு அருவில அவனும் அவந்தம்பியும் நிக்காங்க. மேல மேகம் உக்காந்துட்டு. வாங்க, வாங்கன்னு மூணு தடவ சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டேன். ரெண்டு பேரும் சிரிச்சாங்க. தண்ணி வரும்போதும் வாயி சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு." கொஞ்ச தூரம் நடந்த பிறகு திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "நல்ல வார்த்தைக்கு எவனும் ஏறி வரமாட்டான்லே."

அடுத்த வருஷம் ஆடியில்தான் அது நடந்தது. கிழக்கேயிருந்து ஒரு பண்ணையார், புது மருமகனோடும் சம்பந்தி வீட்டாரோடும் மூன்று வில்வண்டிகளில் குற்றாலத்துக்கு வந்திருந்தார். மருமகன் அருவிக்கு நடுவில் நின்று குளித்துக்கொண்டிருந்தான். இவள் விரலை நீட்டினாள், மூன்று மூச்சு விட்டாள், மட்டையை எடுத்தாள். மருமகன் திருப்பி அடித்தான். அவன் கன்னத்தில் காதிலிருந்து வாய் வரை கருக்கு இழுத்துவிட்டது. சம்பந்திகள் முன்னால், பெண்கள் முன்னால், ரத்தம் சொட்டச் சொட்ட அந்த இருபது வயதுப் பையன் அழுதான்.

எல்லோரும் கரையேறி நின்று மேலே பார்த்தார்கள். கால் மணி நேரம் ஆயிற்று. அரை மணி ஆயிற்று. அருவி பால்போல் விழுந்தது. மேகம் மெல்லப் பின்வாங்கி மலைக்கு அந்தப் பக்கம் சரிந்தது. வெயில் வந்தது. தூவானத்தில் வானவில்லும் வந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் அவளைச் சவுக்கு மரத்தடிக்குக் கொண்டுவரச் சொன்னார். பண்ணையார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"எந்தக் கையால அடிச்ச?" என்று கேட்டார் சப்-இன்ஸ்பெக்டர்.

அவள் வலது கையைக் காட்டினாள். பொய் சொல்லத் தோன்றவில்லை அவளுக்கு.

"மலைல பெய்யத்தான் செஞ்சிருக்கு எசமான். மலையாளத்துப் பக்கம் சாஞ்சிருச்சு. இங்கன சாஞ்சிருந்தா இந்தப் புள்ள செத்திருக்கும்" என்றாள்.

சப்-இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். கையை ஒரு கல்லின்மேல் வைக்கச் சொன்னார். அவளே வைத்தாள். நான் லத்தியை ஓங்கினேன். மெதுவாக அடித்திருக்கலாம், பார்ப்பவர்களுக்குத் தெரியாமல் கல்லில் பட அடித்திருக்கலாம் என்று இந்த வயதுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கணத்தில் அப்படி எதுவும் தோன்றவில்லை. காவலுக்கு வந்த முதல் நாள் என் விலாவில் வாங்கிய குத்துதான் நினைவுக்கு வந்தது. நாற்பது பேர் பார்க்க நான் மூச்சடைத்து உட்கார்ந்த அவமானம். முழுப் பலத்தோடு அடித்தேன். காய்ந்த விறகு முறிகிற சத்தம் கேட்டது. அவள் கத்தவில்லை. உதட்டைக் கடித்ததில் தாடையில் ரத்தம் வழிந்தது. இரண்டாவது அடிக்கு மணிக்கட்டு தொங்கிவிட்டது.

எலும்பு வைத்தியர் ஒருவர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. விரல்கள் பாதி வரைதான் மடங்கும். மறு வருஷம் சீசனுக்கு அவள் எண்ணெய்க் குடத்தை இடது இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். மட்டை இல்லை. நானும் அதே காவலுக்கு வந்திருந்தேன். என்னைப் பார்த்தாள், பார்க்காதவள்போலப் போகவில்லை, கோபமாகவும் பார்க்கவில்லை. கரையில் கிடக்கும் ஒரு கல்லைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். நான்தான் அவள் இருக்கும் பக்கம் போகாமல் சுற்றிப் போவேன்.

ஆடி அமாவாசை அன்று கூட்டம் நெரிந்தது. எட்டு மணிக்குச் சாரல் நின்றது. காற்று இல்லை. இலை ஒன்றுகூட அசையவில்லை. வெயில் சுள்ளென்று விழுந்தது. நான் மண்டபத்து ஓரம் நின்றிருந்தேன். அவள் கூட்டத்தை முழங்கையால் இடித்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள்.

"லே போலீசு. உக்காந்துட்டு."

மேலே பார்த்தேன். மலையுச்சியில் மை கொட்டியதுபோல ஒரு திட்டு. எனக்கு அது வெறும் மேகம்.

"நிச்சயமாத் தெரியுமா?"

"நிச்சயம்னு ஒண்ணு எங்கிட்ட என்னைக்கிலே இருந்துச்சு? வந்தா வரும். வரலன்னா நீ அடி வாங்கு, நான் வாங்குனேம்லா." தன் வலது கையைத் தூக்கிக் காட்டவில்லை, அதை உடைத்தவன் நான் என்று குத்திக்காட்டவும் இல்லை. "ஆம்பளப் பக்கம் நீ போ. எங்கையி வீசாது, ஒங்கையி வீசும். நான் பொம்பளயளப் பாத்துக்கிடுதேன்."

சொல்லிவிட்டு என் பதிலுக்கு நிற்காமல் பெண்கள் பக்கம் ஓடினாள்.

நான் விசில் ஊதினேன். "எல்லாரும் வெளிய வாங்க, தண்ணி வருது!" என்று கத்தினேன். அருவிச் சத்தத்தில் பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. கேட்டவர்கள் சிரித்தார்கள். "போலீசுக்குக் குளிக்க எடம் வேணுமாம், நகந்துக்கிடுங்கடே" என்றான் ஒருவன். வெற்றிலை மடித்துப் போடும் நேரம் அப்படியே நின்றேன். சீருடை போய்விடும், சோறு போய்விடும் என்று ஒரு பயம். பிறகு பூட்ஸோடு தண்ணீருக்குள் இறங்கி லத்தியை வீசினேன்.

முதல் அடி, சிரித்தவனின் வாயில். அடுத்தது ஒரு கிழவரின் முழங்காலில். விழுந்தவரைக் குடுமியைப் பிடித்து இழுத்து வெளியே எறிந்தேன். தோள், முதுகு, தொடை என்று எங்கே பட்டது என்று பார்க்கவில்லை. யாரோ என் தலைப்பாகையைப் பிடுங்கினார்கள். யாரோ கல்லால் என் நெற்றியில் அடித்தார்கள். கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. அவள் எப்படி இதைச் செய்தாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவர்களுடைய வெறுப்புத்தான் அவர்களைக் கரைக்கு இழுத்துவந்தது. என்னைக் கொல்வதற்காக எல்லோரும் வெளியே வந்தார்கள். கடைசி ஆள் கரையில் கால் வைத்தபோது தண்ணீர் சிவந்தது.

நான் பெண்கள் பக்கம் திரும்பினேன். அங்கே எல்லோரும் ஏறிவிட்டிருந்தார்கள், ஒரு தாயையும் மகளையும் தவிர. கடையத்துப் பக்கத்துக்காரர்கள். மகளுக்கு எட்டு வயது இருக்கும். பயத்தில் இரண்டு பேரும் பாறையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நகர மறுத்தார்கள். அவள் இடுப்பளவு தண்ணீரில் நின்று, இடது கையால் தாயின் கூந்தலைச் சுருட்டிப் பிடித்திருந்தாள். வலது கையால் குழந்தையின் புஜத்தைப் பிடித்திருந்தாள். தண்ணீர் பள்ளத்தைத் தாண்டிக் குதித்தது. எனக்கும் அவர்களுக்கும் நடுவே பத்தடி தூரம்தான். இடது கை பிடித்தது பிடித்தபடி இருந்தது. வலது கையின் விரல்கள் பாதி வரை மடங்கின. அதற்கு மேல் மடங்கவில்லை. குழந்தையின் எண்ணெய்க் கை, அந்த விரல்களுக்குள்ளிருந்து மெல்ல, மிக மெல்ல, நழுவிப் போனதை நான் பார்த்தேன்.

குழந்தையைச் சாயங்காலம் சிற்றாற்றில், இரண்டு மைல் கீழே எடுத்தார்கள்.

அதற்கு முன், கரையில், அந்தத் தாய் அவள்மேல் பாய்ந்தாள். "எம்புள்ளய விட்டுட்டியே பாவி! புடிச்ச கையத் தொறந்து விட்டுட்டியேட்டி!" என்று முகத்திலும் மார்பிலும் மாறி மாறி அறைந்தாள். என் லத்தியைத் தவிர வேறு யாருடைய அடியையும் திருப்பிக் கொடுக்காமல் வாங்கியறியாதவள், அன்றைக்கு அத்தனையையும் நின்று வாங்கினாள். நான் இரண்டடி தள்ளித்தான் நின்றேன். இந்தக் கையை உடைத்தவன் இவன் என்று என் பக்கம் தலையை அசைத்திருந்தால்கூடப் போதும். அசைக்கவில்லை. பெருந்தன்மை என்று சொல்லமாட்டேன். அப்போதும் அவள் கண், அறைகிறவளின் தோளுக்கு மேலே, மேற்கேதான் இருந்தது. இன்னும் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலிடத்துக்குப் போன காகிதத்தில், காவலில் இருந்த கான்ஸ்டபிள் சமயோசிதமாக நடந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் காப்பாற்றினான் என்று எழுதினார்கள். அவளைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் திருத்தவும் இல்லை. அடுத்த வருஷம் ஏட்டு ஆனேன்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் அருவிக்குப் போனேன். தண்ணீர் தணிந்திருந்தது. ஆள் நடமாட்டம் இல்லை. அவள் மட்டும் இருந்தாள். புதிதாக வெட்டிய ஒரு கருக்குமட்டையை இடது கையில் வைத்துக்கொண்டு, வெள்ளம் கொண்டுவந்து போட்ட ஒரு மரத்தை அடித்துக்கொண்டிருந்தாள். அடி சரியாக விழவில்லை. பாதி வீச்சில் மணிக்கட்டு திரும்பி, மட்டை தட்டையாகப் பட்டது. மறுபடி ஓங்கினாள், மறுபடி தவறியது. அரிவாள் வெட்டு விழுந்த தோள் வேறு அது. ஓங்கும்போதெல்லாம் அவள் முகம் சுளித்தது.

நான் தலைப்பாகையைக் கழற்றினேன். பெல்ட்டையும் சட்டையையும் கழற்றிக் கல்லின்மேல் வைத்தேன். அவள் முன்னால் போய் முதுகைக் காட்டி நின்றேன்.

"என்ன அடிங்க யக்கா" என்றேன். அவளை அப்படி அழைத்தது அதுதான் முதல் தடவை.

"எதுக்கு?"

"நான்தான ஒங்க கைய..."

"அது எனக்குத் தெரியாதா?"

பிறகு ஒரு அடி விழுந்தது. முதுகில் பல் பல்லாகக் கிழிந்து எரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு அடுத்ததற்குக் காத்திருந்தேன். இன்னும் வேண்டும் என்றிருந்தது. அழுகையும் வந்துவிட்டது.

"என்னலே மரம் மாதிரி நிக்க?" என்று கத்தினாள். "நிக்கிறவன அடிக்க எனக்கு இந்த மரம் போதாதா? எண்ணெ தேச்சவன் வழுக்குவான், தட்டி விடுவான், ஓடுவான். ஓடுலே!"

நான் ஓடினேன். ஈரப் பாறைகளின்மேல் வழுக்கி விழுந்து, எழுந்து, வளைந்து வளைந்து ஓடினேன். அவள் துரத்தி வந்து இடது கையால் அடித்தாள். முதலில் பத்துக்கு இரண்டு பட்டது. சூரியன் ஏறி ஆட்கள் வரத் தொடங்கும்போது பத்துக்கு ஆறு பட்டது.

"பத்தாது" என்றாள் மூச்சிரைக்க. "நாளைக்கும் வா."